முதலில் எது? வாசகர் கேள்வி – பதில்

இரட்சிப்பு, சமூக நீதி, சபையின் பணி ஆகியவை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, சபையின் வேலை ஆத்தும ஆதாயம். ஏழைக்கு உதவவும் நியாயம் கேட்கவும் அரசாங்கம் இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. சுவிசேஷம் சொல்ல நம்மை விட்டால் யார்? சமூக நீதி பேச ஆரம்பித்த சபைகள் கடைசியில் சுவிசேஷத்தையே தொலைத்துவிட்டன என்பதுதானே சரித்திரம்? – சபை மூப்பர் ஒருவர்

உங்கள் கடைசி வரி பாதி சரித்திரம். மீதிப் பாதியையும் பார்த்துவிடுவோம்.

18-ஆம் நூற்றாண்டு எழுப்புதலில் இந்தப் பிரிவினையே கிடையாது. மறுபிறப்பைப் பற்றி ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கித்த ஜான் வெஸ்லி, 1791-இல் சாவதற்கு ஆறு நாள் முன்பு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடுவதை விட்டுவிடாதே என்பதுதான் விஷயம். பிரிட்டனில் அந்த வியாபாரம் 1807-இல் தடை செய்யப்பட்டது. பேரரசின் பெரும்பகுதியில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. இதை நடத்தியவர்களில் பலர் சுவிசேஷ விசுவாசிகள்.

பிளவு பிறகு வந்தது. வால்ட்டர் ரவுஷென்புஷ் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1886 முதல் 11 ஆண்டுகள் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் ஊழியம் செய்தார். அங்கே திரும்பத் திரும்பக் குழந்தைகளை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. பாவம் தனி மனிதனின் நெஞ்சில் மட்டும் இல்லை, கூலியிலும் வாடகையிலும் வேலை நேரத்திலும் இருக்கிறது என்று அவர் எழுத ஆரம்பித்தார். 'சமூக நற்செய்தி' என்ற இயக்கத்தின் முக்கியக் குரல் அவர்தான். அவருக்குப் பின் வந்த சிலர் சிலுவை, மனந்திரும்புதல், நித்தியம் ஆகிய சொற்களை மெல்லக் கைவிட்டார்கள். 1920-களில் அமெரிக்கச் சபைகளில் நவீனவாதிகளுக்கும் அடிப்படைவாதிகளுக்கும் சண்டை முற்றியது. அப்போது அடிப்படைவாதிகள், சமூக நற்செய்தியார் விட்ட சொற்களை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் செய்த வேலையைத் தூக்கிப் போட்டார்கள். உலகம் உடைந்த கப்பல், நமக்குத் தரப்பட்டது உயிர்காப்புப் படகு மட்டுமே என்ற அமெரிக்கப் பிரசங்கியார் டி. எல். மூடியின் உவமை அந்த மனநிலைக்கு நன்றாகப் பொருந்திப் போயிற்று. உடைந்த கப்பலுக்கு யாராவது வர்ணம் அடிப்பார்களா?

இன்னொரு பக்கமும் உண்டு, அதை நாம் பேசுவது குறைவு. மிஷனரியாகப் போகிறவர் அடிமைகளை வைத்திருக்கலாமா என்ற வழக்கில்தான் 1845-இல் தென் மாநிலப் பாப்டிஸ்டுகள் தனிச் சங்கமாகப் பிரிந்தார்கள். வைத்திருக்கலாம் என்ற பக்கம் நின்றவர்கள் அவர்கள். மறுபிறப்பைக் குறைவில்லாமல் பிரசங்கித்தவர்களும் அவர்களேதான். அந்தச் சங்கம் 1995-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 150 வருடம் ஆயிற்று. ஆக, நீதியைப் பேசிச் சுவிசேஷத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. சுவிசேஷத்தைப் பேசிப் பிறனைத் தொலைத்தவர்களும் உண்டு.

கேள்வி: லோசான் உடன்படிக்கை இந்த வழக்கைத் தீர்த்துவிட்டது என்கிறார் எங்கள் வேதாகமக் கல்லூரி ஆசிரியர். அது உண்மையில் என்ன சொல்கிறது? 'சுவிசேஷமே முதன்மை' என்கிறதா, 'இரண்டும் சமம்' என்கிறதா? – இறையியல் மாணவி

இரண்டு பக்கத்தாரும் தங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. லோசான் உடன்படிக்கை என்பது 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய உலகச் சுவிசேஷ விசுவாசிகளின் அறிக்கை. மொத்தம் 15 பத்திகள். 5-ஆம் பத்தியையும் 6-ஆம் பத்தியையும் ஒரே மூச்சில் படியுங்கள்.

5-ஆம் பத்தியின் சாரம்: மனிதரோடு ஒப்புரவாவது தேவனோடு ஒப்புரவாவது ஆகாது. சமூகப் பணி சுவிசேஷப் பணி ஆகாது. அரசியல் விடுதலை இரட்சிப்பு ஆகாது. ஆனாலும் சுவிசேஷப் பணி, சமூக அரசியல் ஈடுபாடு இரண்டுமே கிறிஸ்தவக் கடமை. இவற்றை ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைத்ததற்காக அதே பத்தி மனஸ்தாபமும் தெரிவிக்கிறது. 6-ஆம் பத்தியோ, சபையின் தியாகமான பணியில் சுவிசேஷம் அறிவித்தலே முதன்மை என்கிறது.

அந்த மூன்று 'ஆகாது' ஏன் வந்தது? பல சபைப் பிரிவுகள் சேர்ந்த உலகச் சபைகள் மன்றம் 1972 கடைசியில் பாங்காக்கில் 'இன்று இரட்சிப்பு' என்ற தலைப்பில் கூடியது. சுரண்டலுக்கு எதிரான பொருளாதார நீதி, ஒடுக்குமுறைக்கு எதிரான மனித மாண்பு, பிரிவினைக்கு எதிரான ஒருமைப்பாடு, விரக்திக்கு எதிரான நம்பிக்கை என இரட்சிப்பை நான்கு தளங்களில் அது விவரித்தது. இரட்சிப்பு என்ற சொல் இப்படி விரிந்துகொண்டே போனால் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது என்று சுவிசேஷ விசுவாசிகள் பயந்தார்கள். 1974 ஜூலையில் லோசானில் கூடியபோது அந்தப் பயம் அவர்களோடு வந்திருந்தது. 5-ஆம் பத்தியின் பின்பாதி வேறு இடத்திலிருந்து வந்தது. லத்தீன் அமெரிக்காவின் ரெனே பதீயா, சாமுவேல் எஸ்கோபார் இருவரும் மேடையிலேயே, மேற்கத்திய வாழ்க்கை முறையைச் சுவிசேஷத்தோடு சேர்த்துக் கட்டி விற்கிறீர்கள் என்றார்கள். வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஸ்டாட் இரண்டு குரலையும் உள்ளே கொண்டுவந்தார். ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.

'முதன்மை' என்றால் என்ன என்பதை 1982-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸில் இதற்கென்றே கூடிய குழு மேலும் விளக்கியது. காலத்தால் எப்போதும் முதல் என்று பொருளில்லை. சில இடங்களில் உதவிதான் முந்திப் போகும். கிறிஸ்தவச் சமூகப் பொறுப்பு என்றால் முதலில் கிறிஸ்தவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் சுவிசேஷத்தால்தான் உண்டாகிறார்கள் என்பது ஒரு காரணம். சுவிசேஷம் மனிதனின் நித்தியத்தைத் தொடுகிறது என்பது இன்னொன்று. உறவையும் மூன்று விதமாகச் சொன்னார்கள்: சமூகப் பணி சுவிசேஷத்தின் விளைவு, அதற்குப் பாலம், அதன் பங்காளி. கத்தரிக்கோலின் இரண்டு அலகு, பறவையின் இரண்டு சிறகு என்ற உவமைகளும் அங்கேதான்.

பரீட்சையில் எழுத வேண்டுமானால் இப்படி எழுதுங்கள்: சொற்களை லோசான் கலக்கவில்லை, வேலையைப் பிரிக்கவில்லை. விவாதத்தில் யாராவது 'முதன்மை' என்றால், காலத்தாலா, எடையாலா, வேராலா என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். வழக்கு தீர்ந்துவிட்டது என்ற உங்கள் ஆசிரியரின் கருத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. 1989 மணிலாவிலும் 2010 கேப் டவுனிலும் கூடிய லோசான் மாநாடுகளில் இதையே மறுபடி எடுத்துப் பேச வேண்டியிருந்ததே!

கேள்வி: லூக்கா 4:18-இல் 'தரித்திரர்', 'சிறைப்பட்டவர்கள்' என்பது ஆவிக்குரிய தரித்திரரா, நிஜமான தரித்திரரா? – பலர்

நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு என்ன வாசித்தார் என்பதை வரிவரியாகப் பார்த்தால் பதில் தானாகவே வரும். ஏசாயா 61:1-2-ஐப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வித்தியாசம் கண்ணில் படும். ஒன்று, வாசிப்பு நின்ற இடம். ஏசாயாவில் 'கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தையும்' என்பதை அடுத்து 'நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளையும்' என்று வருகிறது. இயேசு பாதி வாக்கியத்தில் புஸ்தகத்தைச் சுருட்டிவிட்டார். இரண்டு, 'நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கவும்' என்ற வரி ஏசாயா 61-இல் கிடையாது. அது ஏசாயா 58:6-இலிருந்து வந்து இங்கே சேர்ந்திருக்கிறது. 58-ஆம் அதிகாரம் எதைப் பற்றியது? உபவாசமிருந்துகொண்டே வேலையாட்களை ஒடுக்குகிறவர்களைப் பற்றியது. அந்த வரியை வெறும் ஆவிக்குரிய உருவகமாக்க இடமே இல்லை.

ஆனால் மறுபக்கத்தார் அதற்குள் கொண்டாடிவிடக் கூடாது. இங்கே 'விடுதலை' என்று வருவது கிரேக்கத்தில் 'அஃபெசிஸ்'. அதே லூக்கா 24:47-இல் அதே சொல்தான் 'பாவமன்னிப்பு' என்று வருகிறது. லேவியராகமம் 25:10-இல் கடன்பட்டு அடிமையானவன் வீடு திரும்பும் ஐம்பதாம் வருஷத்து யூபிலி விடுதலையையும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதே சொல்லால்தான் குறிக்கிறது. கடனிலிருந்து விடுதலை, கட்டிலிருந்து விடுதலை, பாவத்திலிருந்து விடுதலை மூன்றும் ஒரு சொல்லுக்குள். தமிழில் 'விடுதலை', 'மன்னிப்பு' என்று இரண்டாகப் பிரித்து வாசித்தே பழகியதால் நமக்கு இது தெரிவதில்லை.

'இரட்சிப்பு' என்ற சொல்லில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். 'உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது' என்ற அதே வாக்கியம் பாவியான பெண்ணுக்கும் (லூக்கா 7:50) பெரும்பாடுள்ள பெண்ணுக்கும் (8:48) பார்வை பெற்ற குருடனுக்கும் (18:42) சொல்லப்படுகிறது. தமிழ் வேதாகமம் அதை அப்படியே காப்பாற்றியிருக்கிறது. சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஓரிடத்தில் இரட்சிப்பு, இன்னோரிடத்தில் சுகம். 'நீதி'யும் அப்படியே. தனி மனித நீதிக்கு ஒரு சொல், சமூக நீதிக்கு வேறு சொல் என்று ஆங்கிலத்தில் பிரித்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். நமக்கு இரண்டும் நீதிதான். அவர்கள் சண்டையை அப்படியே இறக்குமதி செய்ய நமக்கு என்ன அவசியம்?

கேள்வி: சமூகப் பணியை இவ்வளவு வலியுறுத்தினால் கிரியைகளினால் இரட்சிப்பு என்றாகிவிடாதா?

எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் 10-ஆம் வசனத்துக்கு முன் நிறுத்திவிடுகிறார்கள். கிரியைகளினால் அல்ல என்பது 9. நற்கிரியைகளைச் செய்கிறதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டோம் என்பது 10. வேர் எது, கனி எது என்று தெரிந்தால் போதும். லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையும் இந்த வரிசையில்தான் பேசுகிறது: கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களை ஆவியானவர் நற்கிரியைகளுக்கு அழைக்கிறார்.

கேள்வி: மத்தேயு 25-இல் 'இந்த என் சகோதரர்' என்பது ஏழைகள் எல்லாரையுமா, சீஷர்களை மட்டுமா? எங்கள் வேதபாட வகுப்பு இரண்டாக உடைந்து நிற்கிறது. – ஞாயிறு பள்ளி ஆசிரியை

பசித்தவருக்கும் சிறையில் இருந்தவருக்கும் செய்தது எனக்கே செய்தது என்று நியாயத்தீர்ப்பில் ராஜா சொல்லும் இடம் இது. மத்தேயுவை மத்தேயுவால் வாசித்தால் 'சகோதரர்' பெரும்பாலும் சீஷர்கள்தான். 12:49-50-ஐப் பாருங்கள். 10:42-இல் 'சிறியர்' என்று சொல்லி ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பதும் சீஷனுக்குத்தான். ஆகவே, ஊழியம் செய்து பசியோடும் சிறையிலும் இருக்கும் சீஷர்களை உலகம் எப்படி நடத்தியது என்பதே இங்கே நியாயத்தீர்ப்பு என்று சொல்லும் விளக்கத்துக்கு வலுவுண்டு. இலக்கணம் அந்தப் பக்கம் சாய்கிறது என்றே நினைக்கிறோம்.

ஆனால் இதை வைத்து, விசுவாசி அல்லாத ஏழைக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்ல என்று யாராவது முடிவுகட்டினால் அவர் லூக்கா 10-ஐக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். பிறன் யார் என்று எல்லை கேட்ட நியாயசாஸ்திரிக்குக் கிடைத்த பதில், யூதர் தள்ளிவைத்த ஒரு சமாரியன். வகுப்பில் இரண்டு வசனப் பகுதியையும் ஒரே வாரத்தில் எடுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் சுமார் 120 பேர். ஏழைகள் மத்தியில் பணி செய்யத் தீர்மானம் போட்டிருக்கிறோம். முன்பு ஒரு தையல் வகுப்பு தொடங்கி எட்டு மாதத்தில் நின்றுபோயிற்று. எங்கே தவறு? எப்படித் தொடங்குவது? – இளம் போதகர்

தையல் வகுப்பு வேண்டும் என்று யார் சொன்னது? சபையில் ஒருவரிடம் இரண்டு மிஷின் இருந்திருக்கும், இன்னொருவருக்குத் தைக்கத் தெரிந்திருக்கும். பெரும்பாலான திட்டங்கள் கொடுக்கிறவர் கையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து பிறக்கின்றன. கற்றுக்கொண்டவர் தைத்ததை யார் வாங்குவார், என்ன கூலி கிடைக்கும் என்று முதல் மாதமே கேட்டிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதல் ஆறு முதல் எட்டு வாரம் எதையும் தொடங்காதீர்கள். நான்கு பேர் இரண்டிரண்டாகப் போய் 30, 40 வீடுகளில் உட்கார்ந்து கேட்கட்டும். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பட்டியல் வரும், அடுத்த வாரமே விநியோகம் என்ற எதிர்பார்ப்பும் வரும். இங்கே எது நன்றாக நடக்கிறது, எது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது, அதற்கு நீங்களே இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். மூன்றாவதுதான் முக்கியம். ஏற்கெனவே முயன்றவர்கள் யார் என்று அதில் தெரியும். அவர்களோடு தொடங்குங்கள்.

அடுத்து, உங்கள் முன்னே இருப்பது எந்த வகை நிலைமை என்று பிரித்துப் பாருங்கள். வெள்ளம், தீ, திடீர் மரணம் என்றால் அவசர உதவி. அங்கே கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும், ஆனால் நாள் கணக்கில், மிஞ்சினால் வாரக் கணக்கில். அதன் பிறகு அவர்கள் பழைய நிலைக்கு எழும்பக் கை கொடுப்பது. மூன்றாவது, வருடக்கணக்கில் நீளும் வறுமையில் அவர்களோடு சேர்ந்து உழைப்பது. சபைகள் அதிகம் சறுக்குவது மூன்றாவது நிலைமையில் முதலாவது மருந்தைக் கொடுப்பதில். வாராவாரம் பொட்டலம் கொடுத்து இரண்டு வருடம் ஆன பின், 'இவர்கள் சோம்பேறிகள்' என்று குறை சொல்வதும் அதே சபைதான். 'இதை அவர்களே செய்துகொள்ள முடியுமா?' என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். முடியும் என்றால் நீங்கள் செய்யாதீர்கள்.

குழு அமைக்க அப்போஸ்தலர் 6 நல்ல மாதிரி. கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. சபை தெரிந்துகொண்ட ஏழு பேரின் பெயரையும் வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்ததாகத்தான் தெரிகிறது. உங்கள் குழுவில் ஏழு பேர் என்றால் மூன்று பேராவது அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும், சபை அங்கத்தினராக இல்லாவிட்டாலும். அதே இடத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. வசனம் 1-இல் 'விசாரணை', வசனம் 4-இல் வசனத்தைப் போதிக்கிற 'ஊழியம்' இரண்டுக்கும் மூலத்தில் ஒரே சொல், 'தியாகோனியா'. பந்தியும் ஊழியம், வசனமும் ஊழியம். ஆனால் ஒரே ஆள் இரண்டையும் சுமந்தால் இரண்டும் கெடும் என்று அப்போஸ்தலர்கள் கண்டார்கள். பாஸ்டர், இந்தக் குழுவுக்கு நீங்களே தலைவராக வேண்டாம்.

பணம். தனி வங்கிக் கணக்கு, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் கையெழுத்து, எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் 2 கொரிந்தியர் 8:20-21-ஐக் காட்டுங்கள். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை, சபைகள் தெரிந்துகொண்ட ஆளோடு போனார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடப்பதற்காக.

கடைசியாக, சுவிசேஷத்தை இதில் எங்கே வைப்பது? உதவி பெறும் படிவத்தில் மதம், சபை என்ற கட்டமே இருக்கக் கூடாது. வரிசையில் நிற்பவர்களை ஜெபத்துக்கு உட்காரவைத்து, பிறகு கொடுக்கக் கூடாது. யாருக்கு உதவி என்று முடிவு செய்கிறவரும் ஞானஸ்நான வகுப்பு எடுக்கிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். இதற்குப் பெயர் கோழைத்தனம் அல்ல. வறுமையைப் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதை உலகச் சபைகள் மன்றம், வத்திக்கான், உலக சுவிசேஷ ஐக்கியம் மூன்றும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட நடத்தை நெறி தெளிவாக நிராகரிக்கிறது. உதவியை மத நோக்கத்துக்கோ அரசியல் நோக்கத்துக்கோ கருவியாக்கக் கூடாது என்பது செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் 1994-இல் ஏற்ற நெறியிலும் உண்டு. மத மாற்றம் பற்றிய உங்கள் நாட்டின் சட்டத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே சமயம், 'ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்டால் மழுப்பாதீர்கள். இயேசுவின் பெயரைச் சொல்லித் தெளிவாகப் பதில் சொல்லுங்கள். உதவி பெறுகிறவர் ஞானஸ்நானம் கேட்டால், மற்றவர்களுக்கு என்ன வகுப்போ, எத்தனை மாதமோ, அதே. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உதவி மாறாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திட்டம் என்றைக்கு முடியும் என்பதையும் முதல் கூட்டத்தின் குறிப்பேட்டிலேயே எழுதிவையுங்கள். படம் எடுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: உதவி செய்வது சரி. அநியாயத்தை எதிர்த்துப் பேசினால் அது அரசியல் இல்லையா?

யாக்கோபு 5:4-இல் வயல் அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது. அவர்களுக்குச் சபை ஒரு வேளை உணவு கொடுக்கலாம். ஆனால் கூலி இன்னும் முதலாளி கையில்தானே இருக்கிறது? இரக்கம் முதல் பாதி, கூலியைக் கேட்பது மறு பாதி.

பேசாமல் இருப்பதும் ஒரு அரசியல்தான் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் சினாட் (சபைப் பேரவை) 1857-இல், 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' வெள்ளையர் அல்லாதவர்கள் தனியாக ஆராதிக்க அனுமதித்தது. சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு இசைந்தது என்று ஒப்புக்கொண்டுதான் அந்த அனுமதி. 1881-இல் அப்படிப் பிரிந்தவர்களுக்குத் தனிச் சபையே அமைந்தது. 1948-இல் நிறவெறி அரசின் கொள்கையானபோது அதற்கு வேத ஆதாரம் தேடித் தர இறையியலாளர்கள் இருந்தார்கள். ஆராதனையில் காட்டிய ஒரு சின்னச் சலுகை, 90 வருடத்தில் நாட்டின் சட்டம். பிரிக்கப்பட்ட அந்தச் சபைதான் 1982-இல் பெல்ஹார் அறிக்கையை வரைந்து 1986-இல் ஏற்றது. ஒப்புரவை மறுக்கும் போதனை சுவிசேஷத்தையே மறுப்பது என்றது அது.

எல்லை எங்கே? ஒரு அநியாயத்தைப் பெயர் சொல்லிக் கண்டிப்பது சபையின் வேலை. ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்பது அல்ல. பேசுவதற்கு முன் விவரத்தை இரண்டு வழியில் சரிபாருங்கள், பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கேளுங்கள். பின்விளைவு அவர் தலையில்தான் விழும், உங்கள் தலையில் அல்ல. அதற்கும் முன்பாக, ஆலயத்தைப் பெருக்குகிறவருக்கும் காவலாளிக்கும் சபை என்ன சம்பளம் கொடுக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: விடுதலை இறையியலை வத்திக்கான் தடை செய்துவிட்டதா?

இல்லை. 1968-இல் கொலம்பியாவின் மெடலினில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் வறுமையை விதி என்று சொல்லாமல் அநீதி என்றார்கள். 1971-இல் பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியெரெஸ் அதற்கு இறையியல் வடிவம் கொடுத்தார், அதுதான் விடுதலை இறையியல். 1984-இல் கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரையின் தலைப்பே 'சில அம்சங்கள்' பற்றியது என்றுதான் சொல்கிறது. மார்க்சியப் பகுப்பாய்வை ஆராயாமல் கடன் வாங்குவதும், பாவத்தை அமைப்புகளுக்குள் மட்டும் பார்ப்பதும் அங்கே கண்டிக்கப்பட்டன. அதே பேராயம் 1986-இல் கிறிஸ்தவச் சுதந்திரத்தையும் விடுதலையையும் ஆதரித்து இன்னொன்றை எழுதியது. குத்தியெரெஸ் மீது கண்டனத் தீர்ப்பு எதுவும் வரவில்லை. 1980-இல் திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்ட, ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த எல் சால்வடோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 2018-இல் புனிதரானார். 'தடை' என்று கேள்விப்படுகிறவர்கள் முதல் அறிவுரையின் தலைப்பையாவது முழுதாக வாசிக்கலாம்.

கேள்வி: எங்கள் சபையில் சமீபத்தில் இரட்சிக்கப்பட்ட ஒருவர், முன்பு தொழிலில் பலரை ஏமாற்றியவர். அந்தப் பணத்தில் பெரிய தொகையைக் கட்டட நிதிக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்திருக்கிறார். வாங்கலாமா? – சபைப் பொருளாளர்

இப்போதைக்கு வாங்காதீர்கள். எண்ணாகமம் 5:7-8-இல் வரிசை தெளிவாக இருக்கிறது. பாவத்தை அறிக்கையிட வேண்டும். முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, ஏமாற்றப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் அவருடைய உறவினருக்கு. அப்படி வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லாதபோதுதான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகிறது. சந்நிதிக்கு இடம் கடைசியில்.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவுக்கு (லூக்கா 19) இது தெரிந்திருக்கும். தானாக ஒப்புக்கொண்டவனுக்குச் சட்டம் கேட்டது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்தான். அவன் நாலத்தனையாகத் தருகிறேன் என்றான், அதற்கு மேல் ஆஸ்தியில் பாதியும் ஏழைகளுக்கு. அந்த வாக்கியம் முடிந்த பிறகுதான் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்ற சொல் வருகிறது. பணத்தால் இரட்சிப்பை வாங்கினான் என்று அதற்கு அர்த்தமில்லை. வந்த இரட்சிப்பு எந்த வாசல் வழியாக வெளியே தெரிந்தது என்பதே அங்கே இருக்கிறது.

நடைமுறையில், மூப்பர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் எழுத உதவட்டும். யாரிடம், எந்த வருடம், எவ்வளவு என்று மூன்று பத்தியாக. தொகை நினைவில் இல்லாத இடத்தில் கூட்டியே எழுதட்டும். நேரில் போனால் எதிராளிக்கு ஆபத்தோ அவமானமோ வரும் என்றால் நடுவர் ஒருவர் மூலம் கொடுக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் முதலில் வழக்கறிஞர். வாங்க மறுப்பவர்கள் இருப்பார்கள், வற்புறுத்த வேண்டாம். ஆனால் கேட்டதற்கான தேதியைப் பட்டியலில் குறித்துக்கொள்ளட்டும். எல்லாம் முடிய ஒரு வருடம்கூட ஆகலாம். கட்டட வேலை அதுவரை காத்திருக்கட்டும். காணிக்கை உறையை இந்த ஞாயிறே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கூடவே ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்.